கசக்குது என்று சொன்னவள்

தராசுக்காரர் அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சட்டைப்பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி இருந்தது. கட்டைவிரல் அளவுதான். தலையை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அடியிலிருந்து கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மாத்திரை விழும். சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டுக்கொள்வது. அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய் முற்றியிருக்கிறது, தேநீரில்கூட இனிமேல் சர்க்கரை கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார்.

கடைகளில் இருக்கும் மின் தராசுகளைச் சோதித்து, பிசகியிருந்தால் திருத்தி, முத்திரை ஒட்டிவிட்டு வருவது அவர் தொழில். மளிகைக்கடையானாலும் நகைக்கடையானாலும் பையில் பித்தளை எடைக்கற்கள் கூடவே போகும். மனிதர்கள் சொல்வதைவிட எடைக்கல் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். ஒரு கிலோ என்றால் பணக்காரனுக்கும் ஒரு கிலோ, ஏழைக்கும் ஒரு கிலோ என்பார். இந்த ஒரு விஷயத்திலாவது உலகம் நியாயமாக இருக்கிறதே என்பது அவருக்குச் சந்தோஷம்.

அவர் மனைவி ஒரு திரைச்சீலைக் கடையின் பின்னறையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவள். அதனால் தெருவில் எல்லாருக்கும் அவள் திரையக்கா. அவர் மட்டும் 'திரை' என்று சுருக்கிக் கூப்பிடுவார். அவளுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. நகை கேட்டதில்லை, ஊர் சுற்றிப் பார்க்கக் கேட்டதில்லை. தேநீர் மட்டும் கரண்டி நிற்கிற அளவுக்கு இனிப்பாக இருக்க வேண்டும். கடவுளிடம்கூட அவள் அதிகம் கேட்டதில்லை. காலையில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு அடுப்பைப் பற்றவைப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள். நகரத்தின் மறுகோடியில் ஒரு குளிர்பான ஆலையில் புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் பகுதியில் வேலை, பக்கத்திலேயே வாடகை அறை. அன்று விடுமுறைக்கு வந்திருந்தாள். அடுத்த தெருவிலிருந்து தராசுக்காரரின் தங்கையும் வந்திருந்தாள். வாயை அடக்கத் தெரியாதவள். ஒரு ஆபத்து என்றால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வருகிறவளும் அவள்தான்.

தராசுக்காரர் தானே தேநீர் போட்டு மனைவியிடம் கொடுத்தார்.

"ரெண்டு டிக் போட்டிருக்கேன் திரை. குடிச்சுப் பாரு."

அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் மலர்ந்தது. அடுத்த கணமே, தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவள் மாதிரி தயங்கிற்று.

"முதல்ல இனிக்குதுங்க. அப்புறம் பின்னாடியே ஒரு கசப்பு வருது. வந்து நாக்கடியில உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது."

"கசப்பா?" அவர் அதே கப்பை வாங்கிக் குடித்தார். "இனிக்குதே. ஏய், நீ குடிச்சுச் சொல்லு."

தங்கை குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள். "தேன் மாதிரி இருக்குண்ணா. அண்ணிக்கு டீ கசக்கலை. உங்களைக் கட்டிக்கிட்டதுதான் இத்தனை வருஷம் கழிச்சுக் கசக்க ஆரம்பிச்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். திரையக்காவும் சிரித்தாள். தராசுக்காரரும் சிரித்தார், ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் அவர் கப்பைக் கீழே வைக்கவில்லை.

"நீ ஒரு வாய் குடிச்சுப் பாரேன்" என்று திரையக்கா மகளிடம் நீட்டினாள்.

மகள் நாள் முழுக்கச் சர்க்கரைப் பாகு வாசனையில் நிற்கிறவள். வீட்டில் தேநீருக்கு எதையுமே போட்டுக்கொள்ள மாட்டாள். "எனக்கு எதுக்கும்மா அது? டப்பி ஒண்ணு, டீ ஒண்ணு. அப்பாவுக்கும் அத்தைக்கும் இனிக்கிறது உனக்கு மட்டும் எப்படிக் கசக்கும்?"

"அப்படிக் கேளு" என்றார் தராசுக்காரர்.

திரையக்கா மறுபடி ஒரு வாய் குடித்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னமோ, எனக்குக் கசக்குது" என்றாள் மெதுவாக.

அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சொல்லை வைத்து ஒரு வழக்கு ஆரம்பித்தது. காலையில் அவர் இரண்டு டிக் போட்டுத் தேநீர் தருவார். தானும் சர்க்கரையை விட்டுவிட்டு அதையே குடித்தார், அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று. இது சின்ன அன்பு இல்லை. அவரவர் வீட்டில் யோசித்துப் பார்த்தால் தெரியும். "எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "கசக்குதுங்க" என்பாள். அவருக்கு அந்தச் சொல் தேநீரைப் பற்றியதாகக் கேட்காது. தங்கை விளையாட்டாகச் சொன்னது காதில் முள்ளாக நின்றுவிட்டது. இத்தனை வருஷம் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்துவிட்டு, நான் என் கையால் போட்டுக் கொடுப்பது இவளுக்குக் கசக்கிறது.

"கேட்காதீங்க, நானும் சொல்லமாட்டேன்" என்றாள் அவள் ஒருநாள்.

"கேட்காம எப்படி இருக்கிறது?"

"அப்ப கசக்குது."

பிறகு அவளாகவே ஒரு வழி கண்டாள். அவர் சட்டை மாட்டப் போகிற சமயத்தில் தேநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலிக் கப்பை மேசையில் வைத்தாள். அவர் திரும்பி வந்து காலிக் கப்பைப் பார்த்து முகம் தெளிவார். அந்த முகத்துக்காகத்தான் ஊற்றினாள். ஆனால் திரைச்சீலைக் கடையில் மற்றப் பெண்கள் தேநீர் குடிக்கும்போது அவள் கையும் சும்மா இருக்கவில்லை. இனிப்பு இல்லாமல் குடித்துப் பார்த்தாள், முடியவில்லை. முதலில் அரைக்கரண்டி, பிறகு பழைய கணக்கு. அது தவறு என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் குடித்தாள், மன்னிப்புக் கேட்பதால் சர்க்கரை குறைவதில்லை என்றாலும்.

ஒருநாள் வீட்டுச் சாவியைத் தேடி அவள் பைக்குள் கைவிட்ட தராசுக்காரர், நூற்கண்டு வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நூல் இல்லை. சர்க்கரை இருந்தது.

அவர் கத்துகிற மனிதர் இல்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன?"

அவள் பார்த்தாள். "சர்க்கரைங்க."

"அப்ப கசக்குது, கசக்குதுன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?"

"தின்னது என் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா கசக்குதுன்னு சொன்னது பொய் இல்லைங்க."

"நானே குடிச்சேன். என் நாக்கு பொய் சொல்லுமா?"

"உங்க நாக்கும் பொய் சொல்லலை. என் நாக்கும் பொய் சொல்லலை."

"ஒரே பொருளை வச்சு ரெண்டு தராசு ரெண்டு எடை காட்டினா, அதுல ஒண்ணு பிசகுன்னு அர்த்தம். நான் தினமும் பார்க்கிறது அதுதான்."

"அப்ப பிசகினது நான்தானா?"

அவர் சர்க்கரையைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார். அன்று முதல் அவளைத் திரை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் 'இந்தாம்மா' என்றார், கடையில் முகம் தெரியாத பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி. காலிக் கப்பை மோந்து பார்த்தார். வேலைக்குப் போகும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார். அவளும் காட்டினாள்.

மகளுக்கு விஷயம் தொலைபேசியில் போயிற்று. "ஏம்மா இப்படிப் பண்றே? அப்பா உனக்காகத்தானே அவரும் சர்க்கரையை விட்டாரு. உன் பொய்யால மனுஷன் பாதியாப் போயிட்டாருன்னு அத்தை சொல்றாங்க."

"ரெண்டு விஷயம் இருக்கும்மா" என்றாள் திரையக்கா. "சர்க்கரை தின்னேன், அதுக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க. கசக்குதுன்னு சொன்னது மட்டும் நிஜம். அதை யாராவது ஒருத்தர் நம்பினா எனக்குப் போதும்."

"அம்மா, எனக்கு லைன்ல கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்" என்றாள் மகள்.

அப்புறம் அவர்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்குள் ஊசி குறுக்கே வந்துவிட்டது.

சர்க்கரை நோய் முற்றினால் பாதம் மரத்துப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். திரைச்சீலைக் கடையின் தரையில் ஒடிந்த ஊசிகள் எப்போதும் கிடக்கும். ஒன்று திரையக்காவின் குதிகாலில் ஏறி உள்ளேயே தங்கிவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. அதோடு நடந்தாள், சமைத்தாள், இயந்திரத்தை மிதித்தாள். வீட்டுத் தரையில் சிவப்புத் தடங்களைப் பார்த்து, யாருக்கு அடிபட்டது என்று கேட்டவர் தராசுக்காரர்தான். அவள் காலைத் திருப்பிப் பார்த்தபோது புண் உள்ளே வெகுதூரம் போயிருந்தது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். காயம் ஆறவில்லை. சிறுநீரகம் தளர்ந்தது, பிறகு இதயம். டாக்டர் ஒரு பிற்பகலில் தராசுக்காரரைத் தனியாக அழைத்து, "ஆசைப்பட்டதைக் கொடுங்க, இனிமே பத்தியம் தேவையில்லை" என்றார். பத்தியம் தேவையில்லை என்றால் என்ன பொருள் என்று அவருக்குப் புரிந்தது. புரியாதவர்போல இரண்டாவது தடவை கேட்டார். டாக்டர் அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார்.

அவர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். தலை வாரிவிட்டார், உடம்பு துடைத்துவிட்டார், போர்வை நழுவினால் சரிசெய்தார். பத்தியம் போனாலும் தேநீரில் இரண்டு டிக்தான் போட்டார். சர்க்கரை போட்டால் அவளை வழியனுப்ப ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவருக்குப் பயம். அவள் ஒரு சொல் சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். எப்படி இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை. இந்த மனிதரைக் கெட்டவர் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கட்டிலருகே அவர் இன்னும் 'இந்தாம்மா' என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். மன்னிக்க மனம் இருந்தது. அவள் பொய்யை ஒத்துக்கொள்ளட்டும், மன்னித்துவிடலாம் என்று காத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் ஆலையில் சர்க்கரை இல்லாத குளிர்பானம் ஒன்று தயார் செய்துகொண்டிருந்தார்கள். ருசி பார்க்கிற அறைக்கு ஆள் போதவில்லை என்று சீட்டு ஒட்டும் பகுதியிலிருந்து சிலரை அழைத்தார்கள். மகளும் போனாள். வெள்ளைக் கோட்டு அணிந்த ருசி அறை மேடம் ஒவ்வொருவர் முன்னாலும் சின்னக் கப்புகளை வைத்தார்.

மகள் முதல் கப்பைக் குடித்தாள். இனித்தது. பிறகு, இனிப்பின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்ததுபோல ஒரு கசப்பு வந்து நாக்கடியில் உட்கார்ந்தது. அவள் கப்பை வைத்துவிட்டாள்.

"இது கெட்டுப்போச்சு மேடம். கசக்குது."

அதேபோல அழைக்கப்பட்டுப் பக்கத்தில் இருந்த ஆலை லாரி டிரைவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். "கசப்பா? எனக்கு வெல்லக்கட்டி மாதிரி இருக்கு. உனக்குக் காலையில வீட்ல சண்டையா பாப்பா?"

மேடம் சிரிக்கவில்லை. கப்புகளை எடுத்துக்கொண்டு மறைவுக்குப் போய், இடம் மாற்றி வைத்துக் கொண்டுவந்தார். மகள் மறுபடி குடித்தாள். கசந்ததைத் தனியே தள்ளி வைத்தாள். இன்னொரு தடவை மாற்றினார். இன்னொரு தடவையும் தள்ளி வைத்தாள்.

"சரியாத்தான் சொல்றீங்க" என்றார் மேடம். "இது கெட்டுப்போகலை. இதுல சாக்கரின் இருக்கு, சர்க்கரைக்குப் பதிலா டீயில போடற மாத்திரையில இருக்குமே, அதுதான். இனிப்புக்கு நாக்குல ஒரு பூட்டு, கசப்புக்குப் பல பூட்டுன்னு வச்சுக்குங்க. சர்க்கரை இனிப்புப் பூட்டை மட்டும்தான் திறக்கும். சாக்கரின் இனிப்பையும் திறக்கும், சில பேருக்குக் கசப்புப் பூட்டு ஒண்ணையும் சேர்த்துத் திறந்துடும். எல்லாருக்கும் பூட்டு ஒரே மாதிரி அமையறதில்லை. பிறவியிலேயே வர்றது."

"பிறவியிலேயா?"

"ஆமாம். அம்மாகிட்டயிருந்தோ அப்பாகிட்டயிருந்தோ வரும். உங்க வீட்ல வேற யாராவது இப்படிச் சொல்லியிருக்காங்களா?"

மகள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படிப்பட்டவங்க சர்க்கரைக்குப் பதிலா எதையுமே போட்டுக்க முடியாதா மேடம்?"

"ஏன் முடியாது? சுக்ரலோஸ்னு ஒண்ணு இருக்கு. உங்களை மாதிரி நாக்குக்கு அது பெரும்பாலும் கசக்காது. மருந்துக்கடையில இதே வரிசையில பக்கத்து டப்பியிலேயே இருக்கும்."

பக்கத்து டப்பியிலேயே இருக்கும். மகள் சீருடையோடும் தலையில் மாட்டிய வலைத்தொப்பியோடும் பேருந்து ஏறினாள். மருந்துக்கடையில் இறங்கினாள். உண்மையாகவே அது பக்கத்து டப்பிதான். நிறம் மட்டும் வேறு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தராசுக்காரர் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் மூச்சிரைக்க நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தன் நாக்கைப் பற்றி, பூட்டுகளைப் பற்றி, மேடம் கப்புகளை மாற்றி மாற்றி வைத்ததைப் பற்றி.

"அம்மா பொய் சொல்லலைப்பா. எனக்கும் கசக்குது. அம்மாகிட்டயிருந்துதான் எனக்கு வந்திருக்கு."

"அதெப்படி? எனக்கு இனிக்குதே."

"உங்களுக்கு இனிக்கும். அம்மாவுக்குக் கசக்கும். ரெண்டும் நிஜம்ப்பா."

அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி திருகினார். "ரெண்டு எடையும் சரின்னா அப்புறம் கல்லு எதுக்கு?" என்றார், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாதவர் போல.

"அம்மா வெறும் ஒண்ணுதான் கேட்டாங்க. நம்பச் சொன்னாங்க. நானும் நம்பலை. இப்ப நீங்க உள்ள போய்ச் சொல்லுங்கப்பா, நான் நம்பறேன்னு. இந்தாங்க, இது வேற டப்பி. இது கசக்காதாம்."

அந்த டப்பியைக் கையில் வாங்கியபோதுதான் அவருக்கு முழுதும் உறைத்தது. மகள் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். மனிதர் உயரம் குறைந்த மாதிரி சுவரில் சாய்ந்தார்.

"இது அங்கேயேதான் இருந்துதா? கடையில?"

"பக்கத்துலதான்ப்பா."

"அப்ப நான் தினமும் கசப்பைக் கையில குடுத்து, அவளைச் சர்க்கரைக்குத் துரத்தியிருக்கேன். நம்பியிருந்தா இதை வாங்கியிருப்பேன். அவ நூல்டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்க மாட்டா. காலு..." தன் கையை விரித்து, அது யாருடைய கை என்று பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லதைச் செய்ய ஓடி வந்த மகள் அப்போதுதான் பயந்தாள். உண்மை ஒருவருக்கு மருந்தாகவும் பக்கத்தில் நிற்பவருக்கு வெட்டாகவும் இருக்கும் என்று அவள் யோசித்து வரவில்லை. "அப்பா, அப்படி இல்லை..." என்று தொடங்கினாள். அவர் ஏற்கனவே உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

கட்டிலருகே தங்கை நாற்காலியில் உட்கார்ந்து அண்ணியின் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். திரையக்கா விழித்துத்தான் இருந்தாள். முகம் வீங்கி, கண்கள் மட்டும் பழையபடி இருந்தன. தராசுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திரை" என்றார்.

வெகுகாலத்துக்குப் பிறகு அவள் அந்தப் பெயரைக் கேட்டாள். கண்கள் அவர் பக்கம் திரும்பின.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. நான் போட்டுக் குடுத்தது உனக்குக் கசந்துதா?"

அவள் அவரைப் பார்த்தாள். பின்னால் சீருடையிலேயே வந்து நிற்கிற மகளைப் பார்த்தாள். மகளின் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் இவ்வளவு காலம் காத்திருந்தாள். மகள் தலையை அசைத்து, சொல்லம்மா என்று கண்ணால் கெஞ்சினாள்.

திரையக்கா மறுபடியும் கணவரைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த கை, குழிவிழுந்த கன்னம், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. அவரை எடைபோட அவளுக்குக் கல் தேவைப்படவில்லை.

"இல்லைங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் கசக்கலை. சர்க்கரை ஆசை. அதுக்காகச் சொன்னேன்."

"அம்மா..." என்றாள் மகள்.

"நீ சும்மா இரு." பிறகு அவரிடம், "எந்நாளும் எனக்கு எதுவுமே கசக்கலைங்க. நீங்க போட்டுக் குடுத்தது இனிப்பாத்தான் இருந்துது."

தராசுக்காரர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் தோள்கள் இறங்கின, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவருக்கு இறங்குகிற மாதிரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

"பரவாயில்லை திரை. பரவாயில்லை. அப்பவே சொல்லியிருந்தா நான் என்ன உன்னைத் தின்னுடுவேனா?"

"பயமா இருந்துது."

"என்கிட்ட என்ன பயம்?"

"அதானே" என்று தங்கை மூக்கைச் சிந்தினாள். "இவரைப் பார்த்தா தெருநாயே வாலாட்டும். அண்ணி, உங்க நாக்கு நீளத்துக்கு எங்களையெல்லாம் எப்படி அலைக்கழிச்சீங்க."

திரையக்கா சிரிக்க முயன்றாள்.

அவர் முகம் கழுவப் போனார். தங்கையும் கூடப் போனாள். மகள் கட்டிலருகே குனிந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே? அவரு நம்பிட்டாரும்மா. நான் எல்லாம் சொல்லிட்டேன். நீ ஆமாம்னு மட்டும் சொல்லியிருந்தா போதும்."

"நம்பிட்டாரு. மூஞ்சியைப் பார்த்தேனே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நம்பிட்டு அப்புறம் அந்த வீட்ல அவரு தனியா எப்படிம்மா இருப்பாரு? காலையில எழுந்து டீ போட வேண்டாமா?"

மகளுக்கு அழுகை வந்தது.

"நீ குடிச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பின்னாடி வருதில்ல? உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்காது."

"ஆமாம்மா."

"அப்ப நான் பைத்தியம் இல்லை" என்றாள் திரையக்கா, தனக்குத்தானே.

மகள் நர்சிடம் வாங்கி வந்த வெந்நீரில் தேநீர் கலந்து, புது டப்பியிலிருந்து மாத்திரை போட்டு, கரண்டியால் ஊட்டினாள். "இது கசக்காதும்மா. எப்படி இருக்கு?"

திரையக்கா அதை வெகுநேரம் வாயில் வைத்திருந்தாள். மகளை ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு ஒரு பொய்யே அவளுக்கு அதிகம்.

"இப்ப எல்லாம் ஒண்ணுதான்ம்மா. தண்ணிகூட இரும்பை நக்கின மாதிரிதான் இருக்கு. கிட்னி போனா அப்படித்தானாம், நர்ஸ் சொன்னா." பிறகு, "ஆனா இதமா சூடா இருக்கு. இன்னொரு கரண்டி குடு" என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். கடைசி நாட்களில் அவர் திரை, திரை என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் நடந்ததெல்லாம் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே போனாள். அவள் சொன்ன அந்த ஒரு பொய்யைக் கடவுள் பொய்யாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு விலையாக அவள் கொடுத்தது தன்னிடம் இருந்த ஒரே பொருளை, தன் சொல்லின் உண்மையை. இனி அவளுக்காக யாரும் அதைத் திருப்பிக் கேட்க முடியாது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நாற்காலிகள் போதாமல் நின்றார்கள். திரைச்சீலைக் கடைப் பெண்கள் வந்தார்கள். தராசுக்காரர் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை, பெருமைகூட இருந்தது.

"நல்லவ. ஒரே ஒரு பொய்தான் சொன்னா வாழ்க்கையில. அதையும் போறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து ஒத்துக்கிட்டா. மனசுல ஒண்ணும் வச்சுக்காமப் போனா."

"சர்க்கரைன்னா அண்ணிக்கு உயிரு" என்றாள் தங்கை. "அதுக்காக மாத்திரை கசக்குதுன்னு ஒரு கதை கட்டினாங்க பாருங்க, நானும் அண்ணாவும் குடிச்சுக் குடிச்சுப் பார்த்தோம்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். இறந்தவரின் சின்னக் குறும்பை நினைத்துச் சிரிக்கிற அன்பான சிரிப்புத்தான்.

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வாயைத் திறந்தால் போதும். கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் தேநீர் கலந்து காட்டலாம். அவர்களிலும் நாலு பேருக்காவது கசக்கும். ஒரு பெண்ணின் பெயர் துலங்கிவிடும். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

தராசுக்காரர் திரும்பிப் பார்த்தார். சவரம் செய்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் சரியாக இருந்தன.

"நீயும் அங்கதானே நின்னே? உங்கம்மா சொன்னதைக் கேட்டியில்ல?"

"கேட்டேன்ப்பா."

"கசக்கலைன்னுதானே சொன்னா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமாம்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, நின்றவர்களுக்கு நாற்காலி கேட்டு வர எதிர்வீட்டுக்குப் போனார்.